எங்களைக் காத்திருக்க வைப்பது யார்?

(மேற்கு சிட்னியில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பெரிதாக மாற்றவில்லை.)



நாங்கள் கூடியிருக்கிற இந்த நிலம் தாருக் மக்களுடையது. அவர்கள் இதை யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று சொல்லும் அதிகாரத்தைக் கன்பராவுக்கு அவர்கள் தூக்கிக் கொடுக்கவும் இல்லை. விசாவைப் பற்றிக் கதைக்கிற கூட்டத்தில் இதைச் சடங்குக்குச் சொல்லிவிட்டுப் போக ஏலாது. ஆகவே இதிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. நான் பென்டில் ஹில்லில் வளர்ந்தவள். என்ர துணைவர் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்தவர். பார்ட்னர் விசாவுக்கு விண்ணப்பம் போட்டு இருபது மாதமாகுது. எங்கட நிலைமை மோசமில்லை. ஒரே வீட்டில் இருக்கிறம். பிரிட்ஜிங் விசாவில் அவர் வேலை செய்யலாம், மெடிகெயர் இருக்கு. வெளிநாடு போக வேணுமெண்டால் முன்கூட்டியே தனியா அனுமதி எடுக்க வேணும், அவ்வளவுதான். ஆனால் வீட்டில என்ன கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "விசா வரட்டும், பாப்பம்." வேலை மாறுறதா, பிள்ளை பெறுறதா, ஊருக்குப் போறதா? விசா வரட்டும், பாப்பம். இப்ப அம்மாவும் இதைச் சொல்லப் பழகிட்டா.

இதை விதி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கட சனத்திடம் இருக்கு. "எல்லாரும் காத்திருந்துதானே வந்தவை, நீங்களும் இருங்கோ." நான் இண்டைக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தக் காத்திருப்பு தானாக உருவான வரிசை இல்லை. ஆட்கள் முடிவெடுத்து உண்டாக்கியது. ஆருக்கு எவ்வளவு காலம் என்பதையும் ஆட்கள்தான் முடிவெடுக்கினம். ஆகவே அதை மாற்றவும் முடியும்.

முதலில் காசு. 2025 ஜூலையில் பார்ட்னர் விசாவுக்கான கட்டணம் 9,365 டொலராக இருந்தது. மறுத்தால் திரும்பக் கிடைக்காது. 2015 ஜனவரியில் ஒரே நாளில் 4,575 டொலரிலிருந்து 6,865 டொலராக, அரைப் பங்கு கூட்டினார்கள். ஆண்டு தோறும் ஏறி அந்த அளவுக்கு வந்தது. அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் சான்றிதழ், மொழிபெயர்ப்பு, சட்டத்தரணி. பராமரிப்பு வேலையிலும் கிடங்கு வேலையிலும் இருக்கிற எங்கட ஆட்களுக்கு இது எத்தனை மாதச் சம்பளம் என்று நீங்களே கணக்குப் பார்க்கலாம். விசாவும் இரண்டு கட்டம். முதலில் தற்காலிக விசா. விண்ணப்பம் போட்டு இரண்டு ஆண்டு கழித்துத்தான் நிரந்தர விசாவுக்கான பரிசீலனை. "இன்னும் சேர்ந்துதான் இருக்கிறீங்களா?" என்று அப்போது மறுபடி கேட்பார்கள்.

அடுத்து அந்த வரிசை. குடிவரவுச் சட்டத்தின் 85ஆம் பிரிவின்படி அமைச்சர் ஒரு விசா வகைக்கு ஆண்டு உச்சவரம்பு வைக்கலாம். 87ஆம் பிரிவு கணவன், மனைவி, இணையர், தங்கிவாழும் பிள்ளைகள் ஆகியோரை அதிலிருந்து விலக்கி வைக்கிறது. அதாவது இணையர் விசாவுக்கு உச்சவரம்பு கிடையாது. நடந்தது என்ன? ஒவ்வொரு ஆண்டும் 'திட்டமிடும் அளவு' என்று ஒரு எண்ணை வைத்து, அந்த அளவுக்கே விசா கொடுத்தார்கள். 2019-20இல் அந்த எண் 40,000க்குச் சற்றுக் குறைவு. 2020 நடுப்பகுதியில் தேங்கிக் கிடந்த விண்ணப்பங்கள் 90,000ஐத் தாண்டின. இது சட்டத்துக்கு முரண் என்று குடிவரவுத் திணைக்களத்தின் முன்னாள் உயரதிகாரி அபுல் ரிஸ்வியே பகிரங்கமாக எழுதினார்.

கொரோனா வந்தது, எல்லை மூடியது, மற்ற வகைகளில் ஆட்கள் குறைந்தார்கள். 2020-21க்கு இணையர் இடங்கள் 72,300 என்று அறிவித்தார்கள். விண்ணப்பித்தவர்களில் பெரும்பகுதி ஏற்கெனவே இங்கேதான் இருந்தார்கள். வருடக்கணக்காக நகராத கோப்புகள் நகர்ந்தன. அந்த ஒரு வருடத்தில் மட்டும் எங்கட காதல் திடீரென்று உண்மையாகிவிட்டதா? தண்ணி எப்பவும் குழாய்க்குள் இருந்தது, திறக்கிற கை வேறெங்கோ இருந்தது. 2022-23 முதல் 'தேவைக்கேற்ப' கொடுப்பதாகச் சொல்கிறார்கள். ஆனால் 40,500 என்று ஒரு மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணை நாங்கள் கவனித்துக்கொண்டே இருக்க வேணும்.

இனி நிரூபிக்கிற கதை. உறவு உண்மையானதா என்று பார்க்க விதிகளில் நாலு தலைப்புகள் இருக்கு: பணவிசயம், வீட்டு நிர்வாகம், சமூக அங்கீகாரம், ஒருவருக்கொருவர் உள்ள பிணைப்பு. கூட்டு வங்கிக் கணக்கு, இரண்டு பேரின் பெயரிலும் கரண்ட் பில், வாடகை ஒப்பந்தம், படங்கள், உறவை அறிந்தவர்கள் எழுதும் சாட்சிக் கடிதங்கள். கேட்க நியாயமாத்தான் இருக்கும். எங்கட சமூகத்துக்குள்ள கொண்டுவந்து வைச்சுப் பாருங்கோ.

முந்நூறு பேர் வந்த ஹோல், தாலி கட்டுற வீடியோ, இரண்டு பக்கத்துப் பெற்றோரும் சிரிச்சபடி நிற்கிற அல்பம். இது இருந்தால் 'சமூக அங்கீகாரம்' சுலபம். பேசிச் செய்த, ஒரே சாதிக் கலியாணம் சோதனையில் முதல் வகுப்பில் தேறும். சாதி மாறி விரும்பினவர்கள் என்ன செய்வார்கள்? தகப்பனுக்குத் தெரியக்கூடாது என்று நாலு வருடம் ஒரு படம்கூடப் போடாத பிள்ளைகள்? வீட்டில் சொல்ல முடியாத இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள்? ஊர்க்காரர் கண்ணில் படாமல் வாழப் பழகினவர்களிடம் "ஊர்க்காரர் உங்களைத் தம்பதியாகப் பார்க்கிறார்களா?" என்று கேட்கிறது அந்தப் படிவம். அவுஸ்திரேலிய அரசு சாதி பார்க்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது தேடுகிற சாட்சியும், சாதிக் குடும்பம் கொடுக்க மறுக்கிற சாட்சியும் ஒரே ஆள்தான்.

இதற்கு இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இருக்கு. பதிவுத் திருமணம் செய்யாத இணையர் பன்னிரண்டு மாதம் சேர்ந்திருந்ததைக் காட்ட வேணும். நியூ சவுத் வேல்ஸிலும் விக்ரோறியாவிலும் உறவைப் பதிவு செய்ய முடியும். பதிந்தால் அந்தப் பன்னிரண்டு மாத நிபந்தனை விலகும். பெற்றோரின் கையெழுத்து தேவையில்லை. சாட்சிக் கடிதம் எழுதுகிறவருக்கு வயது பதினெட்டுக்கு மேல், இந்த நாட்டின் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருந்தால் போதும். உறவினராக இருக்கத் தேவையில்லை. இந்த அறையில் இருக்கிற பாதிப் பேருக்கு மேல் அந்தத் தகுதி இருக்கு. குடும்பம் கைவிட்ட சோடிகளோடு நேரம் செலவழித்து, அவர்களைத் தெரிந்து, தெரிந்ததை உண்மையாக எழுதிக் கொடுங்கோ. பொய்ச் சாட்சி வேண்டாம், அது அவர்களைத்தான் பாதிக்கும்.

இன்னொரு விசயம், எங்கட கூட்டங்களில் அதிகம் கதைக்காதது. விசா ஒரு வீட்டுக்குள் அதிகாரத்தைச் சமமில்லாமல் ஆக்குகிறது. என்ர கையில் கடவுச்சீட்டு, அவரின் கையில் பிரிட்ஜிங் விசா. சண்டை வந்தால் நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலேயே அது நடுவில் வந்து உட்காரும். எங்கள் வீட்டில் இது பகிடியோடு போகும். எல்லா வீட்டிலும் போகாது. "ஸ்பொன்சரை எடுத்துப் போடுவன், ஊருக்கு அனுப்பிப் போடுவன்" என்று மிரட்டப்படுகிற பெண்கள் எங்கட தெருக்களிலேயே இருக்கினம். அவர்களுக்குத் தெரிய வேண்டியது: குடும்ப வன்முறையால் உறவு முறிந்தாலும் நிரந்தர விசாவைத் தொடரச் சட்டத்தில் ஏற்பாடு இருக்கு. ஸ்பொன்சர் விலகினதோடு எல்லாம் முடியாது. ஆனால் தனியாக இதைச் செய்ய வேண்டாம். மெல்பேர்ணில் 'இன்டச்', சிட்னியில் இமிகிரேஷன் அட்வைஸ் அண்ட் ரைட்ஸ் சென்ரர் போன்ற இடங்களில் உதவி கேட்கலாம். விசாவுக்காக அடி வாங்கிக்கொண்டு இருக்கச் சொல்லுற மாமிமாருக்கும் இதைச் சொல்லுங்கோ.

இதுவரை விமானத்தில் வந்தவர்களைப் பற்றிக் கதைத்தேன். இனிப் படகில் வந்தவர்கள்.

குடிவரவுச் சட்டத்தில் 46A என்று ஒரு பிரிவு இருக்கு. படகில் வந்து பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர், இங்கே குடியுரிமை உள்ள ஒருவரைக் கலியாணம் செய்தாலும், அமைச்சர் தானாக மனம் வைத்துத் தடையை நீக்கினால் ஒழிய, இங்கிருந்து பார்ட்னர் விசாவுக்குச் செல்லுபடியாகும் விண்ணப்பம் போட முடியாது. வெளியே போய்ப் போடலாம். வெளியே என்றால் எங்கே? தப்பி வந்த நாட்டுக்குத்தானே. நானும் என்ர துணைவரும் செய்த அதே காரியத்தைப் பத்துப் பன்னிரண்டு வருடமாக இங்கே வாழுகிற ஒருவர் செய்ய முடியாது. காரணம் அவர் வந்த வாகனம்.

மனைவியை வன்னியிலோ தமிழ்நாட்டு முகாமிலோ விட்டுவிட்டு வந்தவர்களின் கதை வேறு. 2012 ஆகஸ்ட் 13க்குப் பிறகு படகில் வந்தவர்கள் மனிதாபிமானத் திட்டத்தின் கீழ் குடும்பத்தை அழைக்கும் வழி மூடப்பட்டது. அதற்கு முன்பே வந்து நிரந்தரப் பாதுகாப்பு விசா பெற்றவர்களையும் விடவில்லை. 2013 டிசம்பரில் அமைச்சர் ஸ்கொட் மொறிசன் ஒரு பணிப்புரை போட்டார். படகில் வந்தவர் ஸ்பொன்சர் செய்யும் குடும்ப விண்ணப்பம், அவர் குடியுரிமை எடுக்கும்வரை, வரிசையின் கடைசியில் கிடக்கும். கடைசி என்றால் முறை வருவதே இல்லை என்றுதான் அர்த்தம். பணிப்புரையின் இலக்கம் மாறி மாறி வந்தது, உள்ளடக்கம் 2023 பெப்ரவரி வரை ஒன்பது வருடம் நின்றது. ஒன்பது வருடம் என்பது ஒரு பெண் பிள்ளை பெறக்கூடிய காலத்தில் எவ்வளவு என்று யோசியுங்கோ. பால்குடியில் விட்டுவந்த பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதும் வயதுக்கு வந்திருக்கும்.

அதே 2023 பெப்ரவரியில் தற்காலிக விசாவில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கான வழியை அரசு திறந்தது. போராடி வென்றது அது. அவர்கள் இப்போது மனைவியை, கணவனை அழைக்கலாம், ஆனால் சாதாரணக் குடும்பப் பிரிவின் கீழ், அந்த முழுக் கட்டணத்தையும் கட்டி. விமானத்தில் வந்த அகதி மனிதாபிமானத் திட்டத்தில் குடும்பத்தை அழைத்தால் விண்ணப்பக் கட்டணம் இல்லை. 'ஃபாஸ்ட் ட்ராக்' முறையில் நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கோ அந்த வழியும் இல்லை.

பிரியாவையும் நடேசையும் உங்களுக்குத் தெரியும். தனித்தனியாக 2012இலும் 2013இலும் படகில் வந்து, இங்கே 2014இல் கலியாணம் செய்தவர்கள். 2018 மார்ச் 5 விடியற்காலை பிலோவீலாவில் அவர்களையும் இரண்டு குழந்தைகளையும் தூக்கினார்கள். மெல்பேர்ண் தடுப்பு முகாம், 2019 ஆகஸ்டில் நாடுகடத்த ஏற்றிய விமானம், டார்வினில் அதை இறங்க வைத்த நீதிமன்றத் தடை, கிறிஸ்மஸ் தீவு, பேர்த். 2022 ஜூனில் ஊர் திரும்பினார்கள், ஆகஸ்டில் நிரந்தர விசா. அவர்களை மீட்டது கோப்பு நகர்ந்ததால் அல்ல, அந்தச் சின்ன ஊர்ச் சனம் நாலு வருடமாக விடாமல் நின்றதால்.

அதே சமயம் நாங்கள் ஒன்றைக் கவனிக்க வேணும். அழகான குழந்தைகள், ஊர் விரும்பும் குடும்பம் என்ற படம் எல்லாருக்கும் கிடையாது. தனி ஆளாக இருக்கிற பொடியனுக்கு, பிரிந்து வாழும் பெண்ணுக்கு, பிள்ளை இல்லாத சோடிக்கு அந்தப் படம் உதவாது. நல்ல குடும்பத்துக்கு விசா கேட்கிறதோடு நின்றால், அரசு வைக்கிற அதே சோதனையை நாங்களும் வைக்கிறோம்.

இந்த நாட்டில் காத்திருக்க மறுத்தவர்களின் வரலாறு இருக்கு. போர்க்காலத்தில் பிள்ளைகளோடு தப்பி வந்த இந்தோனேசியப் பெண் அன்னி ஓ'கீஃப், கணவரைப் போரில் இழந்து, 1947இல் மெல்பேர்ணில் ஒரு அவுஸ்திரேலியரை மணந்தார். வெள்ளை அவுஸ்திரேலியாக் கொள்கைக் காலம். அமைச்சர் ஆதர் கோல்வெல் வெளியேறச் சொன்னார். அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போய் 1949இல் வென்றார். 1983இல் சிட்னியில் கே அண்ட் லெஸ்பியன் இமிகிரேஷன் டாஸ்க் ஃபோர்ஸ் தொடங்கியது. சட்டம் தங்களைச் சோடியாகவே எண்ணாத காலத்தில், காத்திருந்த சோடிகள் ஒன்றாகக் கூடினார்கள். திருமணச் சமத்துவம் வர எத்தனையோ வருடங்களுக்கு முன்பே தங்களுக்கு ஒரு விசா வழியை அவர்கள் வென்றெடுத்தார்கள்.

எங்கட ஆட்களும் இருக்கினம். பல ஆண்டுகள் வேலை செய்யும் உரிமைகூட இல்லாமல் குடும்பத்தோடு வாழ்ந்த நீல் பாரா 2023இல் பலரட்டிலிருந்து சிட்னிக்கு 1,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். நடை முடியும் தறுவாயில் குடும்பத்துக்கு நிரந்தர விசா கிடைத்தது. அதே ஆண்டு தமிழ்ப் பெண்களும் ஈரானியப் பெண்களுமாக 22 பேர் மெல்பேர்ணிலிருந்து கன்பராவுக்கு நடந்தார்கள். 2024இல் மெல்பேர்ணிலும் சிட்னியிலும் குளிரில் கூடாரம் போட்டு இரவு பகலாக இருந்தார்கள். அவர்களின் கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை.

எங்கட கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். 46A தடையை நீக்கு. ஃபாஸ்ட் ட்ராக்கில் விடுபட்ட எல்லாருக்கும் நிரந்தர விசா கொடு. அகதிகளின் குடும்ப விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்காதே. 87ஆம் பிரிவு சொல்வதை அப்படியே நடைமுறைப்படுத்து.

வெளியே மேசையில் இரண்டு தாள் வைத்திருக்கிறோம். ஒன்று, சாட்சிக் கடிதம் எழுதவும் படிவம் நிரப்ப உதவவும் முன்வருகிறவர்களுக்கு. மற்றது, காத்திருக்கிற சோடிகளுக்கு. நாங்கள் இரண்டு பேரும் இரண்டிலும் பெயர் எழுதியிருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, சாப்பாடு நாங்கள் பாக்கிறம்.