பழைய சுமை வண்டியும் அதன் ஸ்டியரிங்கும்

(ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)

சந்தையில் மாடு வாங்கச் செல்லும் உழவன் வெறுங்கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், குளம்பைத் தூக்கிப் பார்ப்பான், நடக்கவிட்டு, நுகத்தடியில் பூட்டி, இழுக்கவும் விட்டுப் பார்ப்பான். அந்த மாட்டின் இடத்தை இன்று சிறு சுமை வண்டிகள் பிடித்துக்கொண்டன. 2005ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் விற்பனைக்கு வந்தபின், நம் மக்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டித் தம் வீட்டுப் பிள்ளைபோல் ஆக்கிக்கொண்டார்கள். அதனினும் பெரிய பிக்கப் வண்டிகளும் இன்று ஊர்தோறும் ஓடுகின்றன. புதிய வண்டி வாங்கும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆதலின் பழைய வண்டியை வாங்குவோர் பலர். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மாட்டைப் பார்த்த கண்ணால் வண்டியைப் பார்க்கிறோமா என்பதே கேள்வி.

எங்கள் அனுபவம் ஒன்றைக் கூறி உரையைத் தொடங்குகிறோம். காய்கறி பயிரிடுவோர் சிலர் ஒன்றுசேர்ந்து, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினோம். என்ஜின் சீராக ஓடிற்று. வர்ணம் பளபளத்தது. முன் டயர்கள் இரண்டும் புதியவை. அவற்றைக் கண்டு பெரிதும் மகிழ்ந்தோம். முதல் வாரத்திலேயே ஓட்டுநர், "ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது" என்றார். "பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று நாங்களே விடை கூறி அவர் வாயை அடைத்தோம். பின்னர் வண்டி ஒருபுறமாக இழுக்கத் தொடங்கிற்று. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அடியில் 'டக்' என்று ஓசை கேட்டது. அதற்கும் பழகிக்கொண்டோம். மூன்று மாதம் கழித்து ஒருநாள் விடியற்காலையில், தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்து முனையில் மெல்லத் திரும்பும்போது, டை ராடு முனையின் குண்டு அதன் கிண்ணத்திலிருந்து கழன்றுவிட்டது. முன் சக்கரம் ஒன்று கிழக்கே பார்க்க, மற்றொன்று மேற்கே பார்த்தது. வண்டி மெல்லச் சென்றதாலும், பள்ளிப் பிள்ளைகள் வரும் வேளை அன்று ஆதலாலும் எவருக்கும் தீங்கு நேரவில்லை. அதே குண்டு அரைமணி நேரம் கழித்துப் பெருஞ்சாலையில் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எண்ணவே நெஞ்சம் நடுங்குகிறது.

அன்று நாங்கள் கற்ற பாடம் ஒன்றே. ஸ்டியரிங் ஒரே நாளில் கெட்டுவிடுவதில்லை. ஆட்டம், இழுப்பு, நடுக்கம், கனம், ஓசை என்று பல வகையில் அது முன்கூட்டியே எச்சரிக்கை செய்கிறது. அதைக் கேளாதிருப்பது நம் குற்றம். அந்த எச்சரிக்கைகளை இனம் கண்டுகொள்வது எவ்வாறு என்பதையே இன்று விளக்க விரும்புகிறோம்.

முதலில் அதன் அமைப்பைச் சிறிது பார்ப்போம். ஓட்டுநர் கையிலுள்ள ஸ்டியரிங் சக்கரத்தை ஒரு தண்டு கீழே ஸ்டியரிங் பெட்டியோடு இணைக்கிறது. பெட்டியிலுள்ள பற்கள், கையின் சுழற்சியை இடவல அசைவாக மாற்றுகின்றன. அந்த அசைவைக் கம்பிகள் முன் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்கின்றன. இரு சக்கரங்களையும் ஒன்றோடொன்று பிணைக்கும் கம்பியே டை ராடு. கம்பிகளின் முனைகளில், கிண்ணத்துள் சுழலும் குண்டு மூட்டுகள் உள்ளன. நம் தோள் மூட்டைப் போன்றவை அவை. சக்கரம் திரும்புவதற்கு ஊன்றுகோலாக, ஒரே அச்சுள்ள வண்டிகளில் கிங் பின் என்னும் ஆணியும், மற்ற வண்டிகளில் பால் ஜாயிண்டும் இருக்கும். இந்த மூட்டுகளில் எது தேய்ந்தாலும் கைக்கும் சக்கரத்துக்கும் இடையேயுள்ள உறவு தளர்ந்துவிடும்.

ஆட்டத்தை அளந்து பார்ப்பது எளிது. சமதரையில் முன் சக்கரங்களை நேராக நிறுத்துங்கள். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியானால் கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, என்ஜினை ஓடவிடுங்கள். ஸ்டியரிங்கின் விளிம்பில் ஒரு நூலைக் கட்டி, டயர் அசையத் தொடங்கும் வரை இடப்புறமும், பின்பு வலப்புறமும் மெல்லத் திருப்புங்கள். டயர் அசையாமல் நூல் மட்டும் நகரும் தொலைவே ஆட்டம். இது 30 டிகிரிக்கு மேற்படலாகாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி கூறுகிறது. ஸ்டியரிங்கின் குறுக்களவு 38 சென்டிமீட்டரானால், 30 டிகிரி என்பது விளிம்பில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். இது சட்டம் பொறுக்கும் கடைசி எல்லை. நல்ல நிலையிலுள்ள வண்டியில் ஆட்டம் இதனினும் மிகக் குறைவாகவே இருக்கும். குண்டு மூட்டுகளுக்கு ரப்பர் உறை இருத்தல் வேண்டும் என்றும், ஆணிகளும் போல்ட்டுகளும் கழலாதபடி பூட்டப்பட்டிருத்தல் வேண்டும் என்றும் அதே விதி வற்புறுத்துகிறது. கிழிந்த உறைக்குள் சேறும் மணலும் புகுந்தால் மூட்டு விரைவில் அரைபட்டுப்போகும்.

ஆட்டம் இருப்பது தெரிந்தபின், எங்கே இருக்கிறது என்று காண வேண்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடவலமாகச் சிறிது அசைக்க, மற்றொருவர் ஒவ்வொரு மூட்டின்மேலும் கைவைத்துப் பார்க்கட்டும். மூட்டின் ஒருபுறம் அசைந்து மறுபுறம் அசையாதிருந்தால், தேய்ந்த இடம் அதுவே. ஸ்டியரிங் பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருந்தால் பெட்டியே அசையும். அதனை அறியாமல் பெட்டியைக் குறைகூறிப் பெருந்தொகை செலவிட்டோர் உண்டு.

அடுத்து, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் புகுதல் கூடாது. உறுதியான தாங்கி கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டையும் வையுங்கள். டயரின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? பிரேக்கை ஒருவர் அழுத்திக்கொள்ள, மீண்டும் அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங்கில் குறை. மறையாதிருந்தால் கிங் பின்னிலோ பால் ஜாயிண்டிலோ தேய்வு இருக்கக்கூடும். டயரின் இருபக்கமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனையை முதலில் பாருங்கள்.

வண்டி ஒருபுறமாக இழுப்பது அடுத்த எச்சரிக்கை. உடனே பட்டறைக்கு ஓட வேண்டுவதில்லை. முதலில் முன் டயர்களின் காற்றை அளந்து சமன் செய்யுங்கள். பின்னும் இழுத்தால், இரு முன் டயர்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. மாறாவிட்டால், சிறிது தூரம் ஓட்டி நிறுத்திச் சக்கரத்தின் நடுப்பகுதியருகே கையைக் கொண்டுசெல்லுங்கள், தொட வேண்டாம். ஒருபுறம் மட்டும் அனல் வீசினால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது பொருள். இவை யாவும் சரியாக இருந்தால், பட்டை ஸ்பிரிங்கில் முறிவு உண்டா, அச்சு இடம் பெயர்ந்துள்ளதா, சக்கர நேர்மை கெட்டதா என்று பட்டறையில் பார்க்கச் செய்யலாம்.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் சக்கரச் சமநிலை கெட்டிருக்கும்; ரிம் வளைந்தோ டயர் புடைத்தோ இருக்கலாம். ஆனால் ஒரு பள்ளத்தில் விழுந்தவுடன் முன்சக்கரங்கள் இடவலமாக வெறிகொண்டு ஆடுமாயின், அது தேய்ந்த கிங் பின்னும் தளர்ந்த டை ராடும் விடுக்கும் கடைசி எச்சரிக்கை என்று கொள்க. அவ்வேளையில் ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து வண்டியை ஓரங்கட்ட வேண்டும். பின்னர் பழுது நீக்காமல் சுமை ஏற்றலாகாது.

ஸ்டியரிங் கனத்தால், டயரில் காற்றுக் குறைவா, கிங் பின்னில் கிரீஸ் வற்றியதா என்று பாருங்கள். எண்ணெயால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கானால், எண்ணெய் அளவையும் பம்பை இயக்கும் பெல்ட்டின் இறுக்கத்தையும் கவனியுங்கள். எண்ணெயை நிரப்பி நிரப்பி ஓட்டுதல், ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதை ஒக்கும். கசிவை அடைத்தலே முறை. ஓடும்போது என்ஜின் நின்றுவிட்டால் இத்தகைய ஸ்டியரிங் மிகவும் கனக்கும். ஆனால் முற்றிலும் பயனற்றுப் போவதில்லை. அஞ்சிக் கையை விடாமல் வலுவாகத் திருப்பினால் வண்டி திரும்பும். இதனை ஒவ்வோர் ஓட்டுநரும் அறிந்திருத்தல் வேண்டும்.

விற்பவரின் சில தந்திரங்களையும் அறிந்துகொள்வது நலம். ஆட்டத்தை மறைப்பதற்காகச் சிலர் ஸ்டியரிங் பெட்டியின் மேலுள்ள திருகை அளவுமீறி இறுக்கிவிடுவர். அவ்வாறு செய்த வண்டியில் ஆட்டம் தெரியாது. ஆனால் திருப்பியபின் ஸ்டியரிங் தானே நடுநிலைக்குத் திரும்பாது. நடுவில் வரும்போது இறுகிப் பிடிக்கும். முன்சக்கரங்களைத் தூக்கிவைத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பிப் பார்த்தால் இது வெளிப்படும். புதிய முன் டயர்களைக் கண்டும் மயங்கலாகாது. டயர் என்பது வண்டியின் ஏடு. அதன் ஓரத் தேய்வும், மேடுபள்ளத் தேய்வும் முன்பகுதியின் குறைகளை எழுதிக் காட்டும். டயரை மாற்றினால் அந்த எழுத்து அழிந்துபோகும். எங்களை மகிழ்வித்த புதிய டயர்கள் எதனை மறைத்தன என்று பின்னரே விளங்கிற்று. ஆதலின் கழற்றிய பழைய டயர்களைக் காட்டுமாறு கேளுங்கள்.

வளைந்த கம்பியை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவதும், முறிந்ததை ஒட்டவைப்பதும் ஸ்டியரிங் உறுப்புகளில் ஒருபோதும் கூடாது. அத்தகைய தழும்பு தெரிந்தால் அந்த உறுப்பை மாற்றியே தீர வேண்டும். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் பிளவு ஆணியைப் புதிதாகப் போடச் செய்யுங்கள். மூட்டுகளை மாற்றியபின் சக்கர நேர்மையைச் சரிபார்க்காவிட்டால் புதிய டயரும் விரைவில் தேய்ந்துவிடும்.

ஸ்டியரிங்கின் பகைவன் தேய்வு மட்டுமன்று. சுமையும் அதன் பகைவனே. ஏற்ற மரத்தின் ஒருமுனையை மிதித்தால் மறுமுனை எழுவதை நம் முன்னோர் நாள்தோறும் கண்டனர். பின்சக்கரங்களுக்கு அப்பால் மூங்கிலையும் கரும்பையும் நீட்டி ஏற்றினால் முன்பகுதி அவ்வாறே எழும். முன் டயர்கள் தரையைப் பற்றாதபோது, ஸ்டியரிங் கைக்கு மிக இலகுவாக இருக்கும். அந்த இலகுவைக் கண்டு மகிழ்தல் பேதைமை. திரும்பவேண்டிய இடத்தில் வண்டி திரும்பாது. மேலும், 2019ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, அளவுமீறிய சுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. இரண்டு நடை சென்றால் ஆகும் டீசல் செலவு இதனினும் சிறிது அன்றோ?

தகுதிச் சான்று இருக்கிறதே, பின் ஏன் இத்தனை சோதனை என்று சிலர் கேட்கலாம். சான்று, சோதித்த நாளின் நிலைமையைக் கூறுவது. மறுநாள் பள்ளத்தில் விழுந்து வளைந்த கம்பியை அது அறியாது. சான்றை மதிப்போம்; அதனோடு நம் கண்ணையும் கையையும் பயன்படுத்துவோம்.

இனி, ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலுள்ள சுமை வண்டிகளை ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடைக்கு முன், ஓரிடத்தில் கூட்டுங்கள். நல்ல மெக்கானிக் ஒருவரை அழைத்து, நூல் கட்டி ஆட்டம் அளக்கவும், கிரீஸ் அடிக்கவும், ரப்பர் உறைகளைப் பார்க்கவும் ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிறு குறிப்பேடு வையுங்கள். அளந்த ஆட்டத்தை நாளிட்டு எழுதினால், அடுத்த முறை அது கூடியுள்ளதா என்பது விளங்கும். ஊர்ச் சாலையின் பள்ளங்களை உரிய காலத்தில் நிரப்புவதும் முன்சக்கர மூட்டுகளுக்கு நீங்கள் செய்யும் பேருதவியாம்.

வண்டி வைத்திருக்கும் உழவர்களுக்கு ஒன்று கூறி முடிக்கிறோம். ஓட்டுநர் "ஏதோ மாறியிருக்கிறது" என்று சொன்னால் அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். வண்டியின் நாடி அவர் கையில்தான் துடிக்கிறது. எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுநர் குறை கூறிய நாளில், அதனைப் பார்த்து முடிக்கும் வரை வண்டி சுமையேற்றிப் புறப்படாது. ஒருநாள் சந்தை தவறினால் மறுநாள் சந்தை உண்டு. பள்ளிக்கூடத்து முனையில் நிற்கும் பிள்ளையை எந்தச் சந்தையிலும் வாங்க இயலாது.