எல்லைக் கிராமங்களில் வேளாண்மைத் தலைமை

(வேளாண்மை மாணவர்களும் விரிவாக்கப் பணி அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மாநில வேளாண்மை அமைப்பின் தலைமைக் குழுவைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். தலைமைக் குழு என்றதும் அமைச்சர், வேளாண்மை உற்பத்தி ஆணையர், இயக்குநர், கூடுதல் இயக்குநர்கள் என்று ஒரு வரிசை நம் மனக்கண் முன் வந்து நிற்கும். அந்த வரிசையை மேலிருந்து வருணிப்பதைவிட, அது போய் முடியும் இடத்திலிருந்து பார்ப்பது பயனுடையது என்று கருதுகிறேன். கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலுள்ள எல்லைக் கிராமங்களை இதற்காக எடுத்துக்கொள்கிறேன். காரோடு, செங்கல், கொல்லயில், குன்னத்துகால், வெள்ளறடை ஆகிய ஊராட்சிகள் இப்பகுதியைச் சேர்ந்தவை. பாறசாலையைத் தாண்டிச் சில கல் தொலைவு சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடும். சாலையின் ஒரு புறத்து உழவர் ஓர் அரசின் வேளாண்மைத் துறைக்கும், மறு புறத்து உழவர் மற்றோர் அரசின் துறைக்கும் உட்பட்டவர்கள். பயிரோ இரு புறமும் ஒன்றுதான். அங்கே நேந்திரன் எனப்படுவது இங்கே ஏத்தன். மற்ற மாவட்டத்தார் மரவள்ளி என்று சொல்வதை விளவங்கோட்டார் மரச்சீனி என்பர்.

இந்த இரண்டு புறமும் ஒரே துறையின் கீழ் இருந்த காலம் உண்டு. திருவிதாங்கூரில் வேளாண்மைத் துறை 1908-இல் ஏற்பட்டது. அதன் இயக்குநராகப் பணியாற்றிய டாக்டர் என். குஞ்சன் பிள்ளையே 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் ஆணையராக இருந்தார். நிலத்தையும் மக்களையும் ஒருவரே எண்ணிப் பார்த்தது அந்நாளைய நிருவாகத்தில் நிகழ்ந்த ஒரு நல்வாய்ப்பு என்றே சொல்லலாம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலச் சீரமைப்பின்போது அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கும் நீர் கொண்டு சென்றது. அந்த நீர் 2004 முதல் நின்றுபோய், 2012-இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. அந்த வழக்கு இன்றைய உரையின் பொருளன்று. ஆயினும், வேளாண்மைத் தலைமை இரண்டாகப் பிரியும்போது நீரும் விதையும் விலையும் கூடவே பிரிகின்றன என்பதை அது நமக்கு நினைவூட்டும்.

கேரளத் துறையின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறுகிறேன். இயக்குநரின் கீழ் மாவட்டத்துக்கு ஒரு முதன்மை வேளாண்மை அலுவலர். வட்டார அளவில் உதவி இயக்குநர். ஊராட்சி அளவில் கிருஷி பவன். 1980-களின் தொடக்கத்தில் அங்கே 'பயிற்சியும் பார்வையும்' என்ற விரிவாக்க முறை நடைமுறையில் இருந்தது. மேலிருந்து வரும் செய்தியைக் குறித்த நாளில் குறித்த உழவரிடம் சேர்ப்பது அதன் நோக்கம். நெல் ஒன்றே பயிராகும் சமவெளிக்கு அது பொருந்தலாம். ஒரே தோட்டத்தில் தென்னை, வாழை, மிளகு, மரச்சீனி, காய்கறி எல்லாம் கலந்து நிற்கும் தென் திருவிதாங்கூருக்கு எந்தச் செய்தியை எந்த நாளில் சொல்வது? 1987 செப்டம்பரில் ஊராட்சிதோறும் கிருஷி பவன்கள் திறக்கப்பட்டன. வேளாண்மைப் பட்டம் பெற்ற ஓர் அலுவலரை உழவர் தேடிச் சென்று காணக்கூடிய தொலைவில் இருத்தியது அந்தச் சீர்திருத்தத்தின் சிறப்பு.

பின்னர் 1995-96-இல் கிருஷி பவன்கள் ஊராட்சிகளின் பொறுப்புக்கு மாற்றப்பட்டன. 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியதும், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தொகை உள்ளாட்சிகளுக்குச் சென்றது. அதனால் கிருஷி பவன் அலுவலருக்கு இரண்டு மேலிடங்கள் ஏற்பட்டன. ஊதியமும் இடமாற்றமும் துறையின் கையில். பெரும்பாலான திட்டப் பணம் ஊராட்சிக் குழுவின் கையில். துறை அடுத்த மாத இலக்கைக் கேட்கும். ஊராட்சியோ வார்டுதோறும் கன்றும் உரமும் பகிர்ந்தளிக்கச் சொல்லும். இது குறையா நிறையா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். இரண்டு மேலிடங்களுக்கும் பதில் சொல்லும் அலுவலரின் வேலைநாளில் கோப்புகள் மிகுந்து, வயலுக்குச் செல்லும் நேரம் குறைகிறது என்பது என் கருத்து. ஆதலால், அந்த அலுவலருக்கும் உழவருக்கும் இடையே இன்னொரு தலைமை தேவைப்படுகிறது.

அந்தத் தலைமையை உருவாக்கிக் காட்டிய அமைப்பு ஒன்று கேரளத்தில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் 1993-இல் கேரளத் தோட்டக்கலை மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. வெளிநாட்டு உதவி முடிந்தவுடன் கதவை மூடிவிடும் திட்டங்கள் பல. இதுவோ 2001-இல் கேரளக் காய்கறி, பழ வளர்ப்பு மன்றம் என்ற பெயரில் இலாப நோக்கற்ற கம்பெனியாகப் பதிவு பெற்றது. அதன் தலைமையகம் கொச்சியை அடுத்த காக்கநாட்டில் உள்ளது. பங்குகளில் பாதி உழவர் குழுக்களுக்கு. 30 விழுக்காடு மாநில அரசுக்கு. எஞ்சிய 20 விழுக்காடு நிதி நிறுவனங்களுக்கு. வேளாண்மை அமைச்சர் தலைமை வகிக்கும் இயக்குநர் குழுவில் அரசு அதிகாரிகளுடன் உழவர் பிரதிநிதிகளும் அமர்கின்றனர்.

ஆயினும் எனக்கு அந்த மேல்மட்டக் குழுவைவிடக் கீழ்மட்டத்து மூவரே முக்கியமாகத் தோன்றுகின்றனர். பதினைந்து முதல் இருபத்தைந்து வரையிலான காய்கறி, வாழை உழவர்கள் ஒரு சுயசார்புக் குழுவாகச் சேர்கின்றனர். அவர்கள் தம்முள் மூவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஒருவர் உற்பத்திக்கு, ஒருவர் கடனுக்கு, ஒருவர் விற்பனைக்கு. இவர்களுக்கு 'மாஸ்டர் உழவர்' என்று பெயர். மன்றம் இவர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. இவர்கள் தம் குழுவுக்குக் கற்றுக்கொடுக்கின்றனர். பல குழுக்கள் ஒன்றுகூடி ஒரு சந்தையை நடத்துகின்றன. உழவர்கள் கொண்டுவரும் விளைபொருள் ஓரிடத்தில் குவிய, வணிகர்கள் அங்கே வந்து வாங்குகின்றனர். தமிழ்நாட்டில் 1999-இல் தொடங்கிய உழவர் சந்தையில் உழவர் நுகர்வோருக்கே நேராக விற்கிறார். இங்கே உழவர் கூட்டாக நின்று மொத்த வணிகரிடம் விற்கிறார். பத்துக் குலை ஏத்தன் வைத்திருப்பவர் தனியாகக் களியக்காவிளைக்குச் சுமந்து சென்றால், விலையை வாங்குபவரே சொல்வார். அதே பத்துக் குலை ஆயிரம் குலைகளோடு சேர்ந்து கிடந்தால் வணிகர்தாம் தம்முள் போட்டியிட வேண்டியிருக்கும்.

மூவருள் கடனுக்குரியவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கேரளத்தில் 1970 சனவரி 1 முதல் குத்தகை முறை சட்டப்படி ஒழிந்தது. உழுதவருக்கு நிலம் கிடைத்த மாபெரும் சீர்திருத்தம் அது. புதிதாகக் குத்தகை ஏற்படுத்துவதையும் அச்சட்டம் தடுத்தது. ஆனால் வாழ்க்கை சட்டத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. நிலமுடையவர் வளைகுடாவுக்கோ திருவனந்தபுரத்து அலுவலகத்துக்கோ சென்றார். அவருடைய ஏலாவைப் பக்கத்து வீட்டார் வாய்மொழியாகப் பாட்டத்துக்கு எடுத்து, வாழையும் பாகலும் புடலையும் தடியங்காயும் பயிரிட்டார். காய்கறி பயிரிடுவோரில் இத்தகையோர் மிகப் பலர். இவரிடம் பட்டா இல்லை, கரம் கட்டிய சீட்டு இல்லை, எழுத்திலான ஒப்பந்தமும் இல்லை. அதனால் வங்கியின் கண்ணுக்கு இவர் உழவரே அல்லர். 2019-இல் தொடங்கிய, ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் மத்திய அரசின் உழவர் நிதியுதவித் திட்டமும் நிலமுடைய குடும்பங்களுக்கே உரியது.

இங்கேதான் அந்தக் கடன் உழவர் பயன்படுகிறார். பாட்ட நிலத்தில் பயிரிடுவோருக்கும் குழுவின் பொறுப்பில் கடன் கொடுக்க வங்கிகளை அந்தத் திட்டம் இணங்கச் செய்தது. இந்த உறுப்பினர் இத்தனை வாழை வைத்திருக்கிறார், இந்த ஏலாவில் வைத்திருக்கிறார், போன ஆண்டுக் கடனைக் கட்டினார் என்பதைக் குழுவே உறுதிப்படுத்துகிறது. பட்டா சொல்லாத உண்மையை அயலார் சொல்கின்றனர். இது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஊரில் கைமாற்று கொடுப்பவர் எப்போதும் செய்துவந்த விசாரணைதான். அதை ஒரு வங்கி ஏற்கும்படி செய்ததே ஆற்றல். தலைமைக் குழு என்ற சொல்லுக்கு நான் காணும் சிறந்த விளக்கமும் இதுவே: இல்லாதவர் என்று ஏடு சொல்லும் ஒருவரை இருக்கிறார் என்று சொல்லிப் பொறுப்பேற்பவர்கள்.

இதன் மதிப்பு இயற்கைச் சீற்றத்தின்போது தெரியும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரி முனையைச் சுற்றிச் சென்றது. கடலில் நிகழ்ந்த உயிரிழப்பு நாட்டையே உலுக்கியது. அதன் நடுவே வயலில் நிகழ்ந்த இழப்பு அதிகம் பேசப்படவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதை ஒட்டிய திருவனந்தபுரம் மாவட்டப் பகுதியிலும் வாழைத் தோட்டங்கள் தரையோடு சாய்ந்தன. ஒரே காற்றில் விழுந்த வாழைக்கு எல்லையின் இரு புறமும் இரு வேறு அரசுகள், இரு வேறு விதிகள், இரு வேறு படிவங்கள். கேரளம் 1995 முதல் தனக்கென்று ஒரு பயிர்க் காப்பீட்டுத் திட்டம் நடத்தி வருகிறது. அதில் வாழைக்கு மூடு கணக்கில் பிரிமியம் கட்ட வேண்டும். கட்டியிருந்தால்தானே இழப்பீடு? நடவு நேரத்தில் ஒவ்வொரு உறுப்பினரிடமும் சென்று, கட்டினாயா என்று கேட்க ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே பின்னால் அந்தக் குடும்பம் எழுந்து நிற்பதும் நிற்காததும். மாவட்ட அலுவலகத்தின் சுற்றறிக்கை அந்தக் கேள்வியைக் கேட்காது.

2020 நவம்பர் 1-ஆம் நாள் கேரளம் பதினாறு வகைக் காய்கறி, பழங்களுக்கு அடிப்படை விலை அறிவித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 விழுக்காடு சேர்த்து அது கணக்கிடப்பட்டது. அப்போது கிலோ ஒன்றுக்கு மரவள்ளிக்கு 12 ரூபாய், நேந்திரனுக்கு 30 ரூபாய், பாகலுக்கு 30 ரூபாய், புடலைக்கு 16 ரூபாய் என்று நிருணயித்தனர். கொள்முதல் செய்யும் அமைப்புகளுள் மேற்சொன்ன மன்றமும் ஒன்று. மாநிலத்தின் நடுப்பகுதியில் இது எளிது. பாறசாலையில் எண்ணிப் பாருங்கள். சந்தை விலை அடிப்படை விலைக்குக் கீழே இறங்கும் நாளில், சாலையின் மறு புறத்தில் விளைந்த குலைக்கும் இந்தப் புறத்தில் விளைந்த குலைக்கும் நிறத்திலோ மணத்திலோ வேறுபாடு உண்டா? உழவர் முன்பதிவு செய்ய வேண்டும், பரப்பளவைக் காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. பாட்ட உழவருக்கு அந்தப் பதிவே கடினம். பதிவை இறுக்கினால் உண்மையான பாட்ட உழவர் வெளியே நிற்பார்; தளர்த்தினால் வண்டிச் சரக்கு உள்ளே நுழையும். இந்த முடிச்சைத் திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ அமர்ந்து அவிழ்க்க இயலாது. யார் எந்த ஏலாவில் என்ன வைத்திருக்கிறார் என்பதை அறிந்த விற்பனை உழவரின் கையெழுத்துக்கு எத்தனை மதிப்பு அளிக்கிறோம் என்பதே கேள்வி.

இந்த முறையில் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மாஸ்டர் உழவரும் உழவரே. குழுவுக்காக வங்கியிலும் சந்தையிலும் அவர் செலவிடும் அரைநாள் அவருடைய சொந்த வயலிலிருந்து கழிகிறது. அதற்கு ஈடு செய்யாமல் 'சேவை' என்று பாராட்டிவிட்டுப் போனால், வசதியுள்ளவர் மட்டுமே அப்பொறுப்புக்கு வருவர். பாட்ட உழவரின் குரல் மறுபடியும் கீழே போகும். பயிற்சி பெற்ற மூவரே ஆண்டுக்கணக்கில் நீடித்தால் குழு அவர்களுடைய சொந்த வீடுபோல் ஆகிவிடும் அபாயமும் உண்டு. களையெடுப்பும் அறுவடையும் பெரிதும் பெண்கள் கையால் நடக்க, கடனுக்கும் விற்பனைக்கும் பொறுப்பேற்கப் பெண்களைத் தேடிப் பிடிக்காதது எந்தக் குழுவுக்கும் இழப்புதான். துறையின் உயர் அதிகாரிகள் கிராமத்துக்கு வரும்போது கேட்டறிய வேண்டியவை இவை. எத்தனை எக்டேர் என்ற எண்ணிக்கை தபாலிலேயே வந்துவிடும்.

இன்னொன்று. வாழைக் கன்றும் மரச்சீனிக் கம்பும் சோதனைச் சாவடியில் நிற்பதில்லை. உறவினர் வீட்டிலிருந்து கொண்டுவந்து நடும் பழக்கம் இரு புறமும் உண்டு. வாழையின் முடிக்கொத்து நோய் கன்று வழியாகப் பரவும்; மரவள்ளியின் தேமல் நோய் கம்பு வழியாகவும் வெள்ளை ஈ வழியாகவும் பரவும். பாறசாலையில் நோயுற்ற வாழையை வேரோடு அகற்றி, அடுத்த விளையில் அகற்றாமல் விட்டால் செய்த வேலை வீண். மரவள்ளி பற்றிய அறிவுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963 முதல் இருக்கிறது. அது இரு மாநிலத்துக்கும் பொதுவானது. நாகர்கோவிலிலுள்ள மாவட்ட அலுவலர்களும் திருவனந்தபுரத்து முதன்மை வேளாண்மை அலுவலரும் நடவுப் பருவத்துக்கு முன் ஒரு நாள் ஒன்றாக அமர்வதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1979 முதல் தோட்டக்கலைக்குத் தனித் துறை இருப்பதால், வாழையைப் பற்றிப் பேச அந்தப் பக்கத்திலிருந்து இருவர் வரவேண்டியிருக்கும், அவ்வளவுதான். அப்படி அமரும்போது காரோட்டிலிருந்தும் கொல்லங்கோட்டிலிருந்தும் இரண்டிரண்டு உழவர்களை உடன் அழைத்துக்கொள்ளட்டும். எந்த விளையில் நோய் தொடங்கியது என்பதை அவர்கள் இடம் சுட்டிச் சொல்வார்கள்.