வலை பொத்தும் கைக்கு வரிக்கழிவு உண்டா?

போன மாதம் ஓர் ஆசிரியை பிஸ்கட் பேணி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். திறந்தால் முழுக்கப் பில்கள். பந்து, ஜேர்சி, பெடியளைப் போட்டிக்கு நானாட்டானுக்கு ஏற்றிப்போன வேன் கூலி. எல்லாம் ஊர்க் கழகத்துக்காக அவருடைய கைக்காசில் போனவை. "அண்ணை, இதுகளை என்ர வரியில கழிக்க ஏலாதோ?" என்று கேட்டார்.

இருபது வருடமாக மன்னாரில் கணக்கெழுதுகிறேன். மனம் கேட்காமல்தான் "ஏலாது தங்கச்சி" என்றேன்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் நன்கொடைக்குக் கழிவு தருகிறது. ஆனால் யாருக்குக் கொடுத்தோம் என்று பார்க்கும். நோயாளரையும் வறியவரையும் வைத்துப் பராமரிக்கிற, அங்கீகாரம் பெற்ற அறநிலையத்துக்குப் பணமாகக் கொடுத்தால், வரிக்குரிய வருமானத்தில் மூன்றிலொன்று அல்லது 75,000 ரூபா, இரண்டில் குறைந்தது கழியும். ஊர் விளையாட்டுக் கழகம் முறையாகப் பதிந்திருந்தாலும் அந்த வகைக்குள் வராது.

மாதம் இரண்டு இலட்சம் உழைக்கிறவரை எடுங்கள். வருடத்துக்கு 24 இலட்சம். 2025 ஏப்ரலில் இருந்து தனிநபர் நிவாரணம் 18 இலட்சம். மிச்சம் 6 இலட்சத்துக்கு 6 வீதப்படி 36,000 ரூபா வரி. அறநிலையத்துக்குக் கொடுத்து 75,000 ரூபாவும் கழிந்தால்கூட அவருக்கு மிஞ்சுவது 4,500 ரூபாதான். பேணி நிறையப் பில் சேர்த்தவர் அந்தக் காசை நினைத்தா சேர்த்தார்?

காசை விடுங்கள், உழைப்புக்கு? இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. தாழ்வுபாட்டுப் பக்கம் ஒரு பின்னேரம் போயிருந்தேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் வயதான கடற்றொழிலாளி ஒருவர் சப்பாணி கட்டி உட்கார்ந்து கோல் வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பழைய மீன்வலைதான் அது. ஊசி போய்வருகிறது, ஒவ்வொரு கண்ணாக அடைபடுகிறது. பந்து வந்து முதுகில் பட்டது. அவர் திரும்பவே இல்லை. "எத்தனை நாளாப் பொத்துறீங்கள் ஐயா?" என்றேன். "மூண்டு பின்னேரம் தம்பி. கண் பெருத்தால் பந்து நிக்காது" என்றார்.

அந்த மூன்று பின்னேரத்தை எழுத வரிப்படிவத்தில் ஒரு வரி கிடையாது. அமெரிக்காவில், பதிவுபெற்ற தொண்டு அமைப்புக்காகத் தன் காரை ஓட்டுகிறவர் மைலுக்கு 14 சதம் கழிக்கலாம்; ஓட்டிய நேரத்துக்கு அங்கேயும் கழிவில்லை. பிரித்தானியாவில் 2002இல் இருந்து, அரசில் பதிந்த ஊர்க் கழகத்துக்கு வரி கட்டுகிறவர் ஒரு பவுண் கொடுத்தால், கழகம் இன்னும் 25 பென்ஸை அரசிடம் கேட்டு வாங்கலாம். லண்டனில் பிள்ளைகள் இருக்கிற நேயர்களே, அது அந்த நாட்டுக் கழகங்களுக்கு, நம்முடையதற்கு இல்லை.

நமக்கும் ஒரு வழி இருக்கிறது. உள்ளூராட்சி மன்றத்துக்குக் கொடுக்கிற நன்கொடை, பணமானாலும் பொருளானாலும், கழிவுக்குரியது. பெரிதாகச் செய்ய விரும்புகிறவர், உங்கள் மைதானம் நகர சபையுடையதோ பிரதேச சபையுடையதோ என்றால், மின்விளக்கையோ வேலியையோ சபைக்கே கொடுத்து, சபையின் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஜேர்சியில் தன் கடைப் பெயர் போடுகிற முதலாளிக்கு அது விளம்பரச் செலவு. பில் இருந்தால் வியாபாரக் கணக்கில் காட்ட இடமுண்டு.

நேரம் முடிகிறது. ஆசிரியையின் பேணியை நாங்கள் எறியவில்லை. பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, அவர் பெயரில் நன்கொடை என்று கழகத்தின் கணக்குக் கொப்பியில் ஏற்றினோம். நாளைக்கு வெளிநாட்டிலிருந்து ஒருவர் உதவ வந்தால் முதலில் கேட்பது அந்தக் கொப்பியைத்தான். உங்கள் கழகத்திலும் அப்படியே செய்யுங்கள். அதில் இன்னொரு பக்கத்தையும் திறந்து, "கோல் வலை பொத்தியது, மூன்று பின்னேரம்" என்று அந்த ஐயாமாரின் பெயரோடு எழுதுங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அதை உரத்து வாசிக்கிற குரல், பேசாலையிலும் வங்காலையிலும் எருக்கலம்பிட்டியிலும் கேட்கவேண்டும் என்பதே என் ஆசை.