மாரடைப்புக்குப்பின் மீண்டும் உழைப்பு

(தொம்மலூரில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியும் இலக்கியத்தைப் பற்றியும் பேசுதல் மரபு. இம்முறை உடல்நலம் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். அது பொருத்தமே என்று கருதுகிறோம். இத் தொம்மலூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள், பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணில் தமிழ் வழங்கியதற்குச் சான்று கூறுகின்றன. ஆயினும் நம் குடும்பங்களிற் பெரும்பாலானவை இங்கு வந்தது பிழைப்பை நாடியே. 1809இல் கண்டோன்மென்ட் அமைந்தபோதும், 1940இல் விமானத் தொழிற்சாலை தோன்றியபோதும், அதன்பின் இந்நகரில் கட்டடங்கள் வானளாவ எழுந்தபோதும், தோள் வலிமையையே முதலாகக் கொண்டு வந்தவர் நம்மவருள் பலர். அந்த முதலுக்கு ஊறு நேரும்போது நாம் செய்ய வேண்டுவது யாது? இதுவே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள்.

மாரடைப்பு கண்ட ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறார். அவர் கொத்தனாராக இருக்கலாம். சந்தையில் மூட்டை தூக்குபவராக இருக்கலாம். ஆலையில் இரும்போடு போராடுபவராக இருக்கலாம். வீட்டில் உள்ளோர் என்ன செய்கின்றனர்? கட்டிலை விட்டு இறங்காதீர்கள் என்கின்றனர். தண்ணீர்க் குடத்தைத் தொட விடுவதில்லை. மாடிப்படியில் கால் வைக்க விடுவதில்லை. அன்பினால் செய்வதுதான். ஆனால் ஆறு திங்கள் கழிகிறது, வேலை போய்விடுகிறது, தாம் இனி ஒன்றுக்கும் உதவாதவர் என்னும் எண்ணம் அம்மனிதரின் உள்ளத்தில் குடிகொள்கிறது. இது ஒரு பக்கம்.

மறுபக்கம் இதனினும் கொடிது. நாட்கூலி பெறுபவருக்கு விடுப்பு ஏது? அடுப்பு எரிய வேண்டுமே என்று பத்தாம் நாளே மீண்டும் மூட்டையைத் தோளில் ஏற்றுகிறார். ஒருவர் அச்சத்தால் முடங்குகிறார். மற்றவர் வறுமையால் விரைகிறார். இருவருக்கும் தெரியாத நடுவழி ஒன்று உண்டு. படிப்படியான உடற்பயிற்சியால் இதயத்தையும் உடலையும் உழைப்புக்கு மீண்டும் பழக்கும் முறையே அது. இதனை இதய மறுவாழ்வுப் பயிற்சி என்று கூறலாம்.

படுக்கையே மருந்து என்னும் எண்ணம் நம் தாய்மார்கள் தாமாகக் கண்டது அன்று. மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அவ்வாறு நம்பியது. 1912இல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இதயக் குழாயடைப்பு நோயைத் தெளிவாக விளக்கினார். அதன்பின் பல ஆண்டுகள், ஆறு வாரம் அசையாது கிடத்தலே முறை என்று கொள்ளப்பட்டது. 1952இல் லெவைன், லௌன் என்னும் இரு மருத்துவர்கள், நோயாளிகளை முதல் வாரத்திலேயே நாற்காலியில் அமரச் செய்தனர், தீங்கு விளையவில்லை. 1953இல் ஜெர்ரி மாரிஸ் என்பார் இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளை ஆராய்ந்தார். நாள் முழுதும் அமர்ந்திருக்கும் ஓட்டுநரைவிட, ஓயாது படியேறி இறங்கும் நடத்துநர்க்கு இதயநோய் குறைவாக இருந்தது. 1955இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசனோவர் மாரடைப்புற்றார். மருத்துவர் பால் டட்லி ஒயிட் அவரைச் சிறிது சிறிதாக நடக்கவும் பணியாற்றவும் ஊக்கினார். மறு ஆண்டே அவர் மீண்டும் தேர்தலில் நின்று வென்றதை உலகம் கண்டது.

இவற்றுக்கெல்லாம் முன்னரே ஒரு வியப்பான செய்தி உண்டு. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், நெஞ்சுவலி நோயுற்ற ஒருவர் நாள்தோறும் அரைமணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறைய நலம் பெற்றதைக் குறித்து வைத்தார். உழைப்பே மருந்தாகும் என்பதை அன்றே ஒருவர் கண்டார்; உலகம் அதனை உணர நெடுங்காலம் ஆயிற்று.

படுக்கை உடலை எவ்வளவு மெலியச் செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. 1966இல் டல்லாஸ் நகரில் உடல்நலம் மிக்க ஐந்து இளைஞரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தி ஆராய்ந்தனர். உயிர்வளியைப் பயன்படுத்தி உழைக்கும் அவர்தம் உச்சத் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. பின்னர்ப் பயிற்சி அளித்தபோது இழந்த திறன் மீண்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் மீண்டும் சோதித்தனர். முப்பது ஆண்டு முதுமை செய்த கேட்டைவிட, மூன்று வாரப் படுக்கை செய்த கேடு மிகுதி என்று தெரிந்தது! நலமுள்ள இளைஞர்க்கே இந்நிலை என்றால், நோயுற்ற ஐம்பது வயதினர்க்கு எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பயிற்சி இதயத்துக்கு எவ்வாறு துணை செய்கிறது? பழகிய தசை, தனக்கு வரும் குருதியிலிருந்து உயிர்வளியை மிகுதியாக எடுத்துக்கொள்ளும். ஆகவே அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தாற் போதும். நேற்று இரண்டாம் மாடி ஏறுகையில் 130 முறை துடித்த நாடி, பயிற்சிக்குப்பின் 110 முறையே துடிக்குமாயின், அவ்வளவும் இதயத்துக்கு இலாபமன்றோ?

கடின உழைப்புக்குத் திரும்புவோர் அறிய வேண்டிய கணக்கு ஒன்றும் உண்டு. சும்மா அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை மருத்துவர் ஓர் அலகாகக் கொள்வர். அதற்கு 'மெட்' என்று பெயர். சமதரையில் நடக்க ஏறத்தாழ 3 அலகு வேண்டும். கொத்து வேலைக்கு 4 அலகுக்கு மேல் ஆகும். சுமையோடு மாடி ஏறுவதற்கு 8 அலகும், சுமைக்கேற்ப அதற்கு மேலும் ஆகும். ஒருவருடைய உச்சத் திறனை மருத்துவமனையில் டிரெட்மில் சோதனையால் அறியலாம். எட்டு மணி நேர வேலையின் சராசரிச் சுமை, அந்த உச்சத் திறனில் மூன்றில் ஒரு பங்கு முதல் நூற்றுக்கு 40 பங்கு வரை இருத்தலே தக்கது. நாள் முழுதும் சராசரி 3 அலகு உழைப்பவர்க்கு 8 அல்லது 9 அலகு உச்சத் திறன் வேண்டும். ஆதலின், நெஞ்சில் வலியில்லை என்ற ஒன்றையே கொண்டு வேலைக்குச் செல்லுதல் தகாது. திறன் போதுமா என்று அளந்து பார்த்தே செல்லுதல் வேண்டும்.

நடைப்பயிற்சி மட்டும் சுமை தூக்குபவர்க்குப் போதாது. ஒரே அளவு வேலையைக் கால் செய்வதைவிடக் கை செய்யும்போது நாடித் துடிப்பும் குருதியழுத்தமும் மிகுதியாக ஏறும். ஆகவே, மருத்துவர் இசைவு பெற்றபின், சிறு எடையில் தொடங்கிக் கைகளையும் தோளையும் பழக்குதல் வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்குதல் பெருந்தவறு. அது குருதியழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுக. பயிற்சியின்போது பேச முடிய வேண்டும். பேச முடியாதவாறு மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்று உணர்க. நெஞ்சில் இறுக்கம், தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை ஆகியவை தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடுக. நெஞ்செலும்பைப் பிளந்து அறுவை செய்யப்பெற்றவர், எலும்பு கூடுமளவும் பொறுத்தல் வேண்டும். கனத்த சுமைக்கு ஏறத்தாழ மூன்று திங்கள் ஆகும். இதயம் மிகவும் நலிந்தவர்க்குப் பழைய வேலை கூடாதெனின், இலேசான வேலையைக் கேட்டுப் பெறுவதில் இழிவு ஒன்றுமில்லை.

இவையெல்லாம் செல்வ நாடுகளுக்கே இயலும் என்று சிலர் கருதலாம். நம் நாட்டிலேயே இதற்கு விடை கிடைத்துள்ளது. யோகா-கேர் என்னும் ஆய்வு, இந்தியாவின் 24 மருத்துவமனைகளில், மாரடைப்புற்ற 3,959 பேரிடம் நடத்தப்பெற்றது. 2020இல் முழுமையாக வெளியாயிற்று. விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றி, ஆசனம், மூச்சுப்பயிற்சி, அமைதி, அறிவுரை ஆகியவற்றை மூன்று திங்களில் 13 அமர்வுகளாகக் கற்பித்தனர். இறப்பும் மறு மாரடைப்பும் குறைந்தன என்று அவ்வாய்வால் உறுதியாக நிறுவ இயலவில்லை. ஆனால் பயிற்சி பெற்றோர் தம் உடல்நலம் மேம்பட்டதாகக் கூறினர். நோய்க்கு முன் செய்த செயல்களுக்குத் திரும்புவதிலும் மற்றவரினும் முன்னேறியிருந்தனர். நம்மவர்க்கு வேண்டுவதும் அத் திரும்புதலே அன்றோ? தெற்காசிய மக்களுக்கு மாரடைப்பு பிற நாட்டாரைவிட ஐந்தாறு ஆண்டு முன்னதாகவே வருகிறது என்பதை 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் பருவத்தில் தந்தை வீழ்கிறார். அவர் எழுந்தாக வேண்டும்.

இதற்குக் காலம் வேண்டுமே எனின், ஈ.எஸ்.ஐ. காப்புறுதி உடைய தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். அம்மருத்துவமனை அருகிலுள்ள இந்திராநகரிலேயே இருக்கிறது. மூன்று திங்கள் பயிற்சிக்கு அந்த மூன்று திங்கள் போதும். அந்நாட்களைக் கட்டிலில் கழிக்காமல் பயிற்சியில் கழித்தல் வேண்டும். காப்புறுதி இல்லாத நாட்கூலியார் நிலை என்ன? அங்கேதான் சங்கம் முன்வருதல் வேண்டும். மூன்று திங்களுக்கு அரிசியும் வாடகையும் கிடைக்குமாயின், அவர் பத்தாம் நாள் மூட்டை சுமக்க மாட்டார். ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் தாங்குவதைவிட, மூன்று திங்கள் தாங்குவது எளிது.

மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் உண்டு என்று வள்ளுவர் வகுத்தார். நோயாளி, மருத்துவன், மருந்து என மூன்றைக் கூறி நின்றுவிடவில்லை. அருகிருந்து பேணுவோனையும் நான்காவதாகச் சேர்த்தார். தாய்மார்களே, அந்த நான்காவது உறுப்பு நீங்களே. நடக்காதே என்று தடுப்பதை விட்டு, நானும் வருகிறேன், நடப்போம் என்று கூறுங்கள். முதல் நாள் தெருமுனை வரை. அடுத்த வாரம் கோயில் வரை. பின்னர்ப் பூங்காவைச் சுற்றி. மாத்திரையை ஒரு நாளும் தவற விடாதீர்கள். பீடியையும் சிகரெட்டையும் வீட்டினுள் விடாதீர்கள்.

மருத்துவமனையை விட்டு வெளியேறும் நாளில் ஒரு கேள்வியை மறவாது கேளுங்கள்: ஐயா, என் வேலை இன்னது; இதற்கு நான் எப்போது, எவ்வாறு திரும்பலாம்? அக்கேள்வியைக் கேட்டவர்க்கே வழி பிறக்கும்.

நம் முன்னோர் தோள்வலியை நம்பி இந்நகருக்கு வந்தனர். அத்தோள் ஒரு நாள் தளர்ந்தால், அதனை மீண்டும் வலிமைபெறச் செய்யும் கடமை நமக்கு உண்டு. வரும் ஆண்டு விழாவுக்குள், நம் குடியிருப்பில் மாரடைப்பிலிருந்து மீண்டவர் ஒருவரேனும் தம் பழைய வேலைக்குப் பாதுகாப்பாகத் திரும்பினார் என்னும் செய்தியை இம்மேடையில் கூறும் பேறு நமக்கு வாய்க்குமாக.