எடுத்த இடத்திலேயே ஆராய்தல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ்ப் பாடஞ் சொல்லும் யாம் மருத்துவம் பற்றிப் பேசப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். யாம் மருத்துவரல்லேம். ஆயினும், நெஞ்சினுள் நெறிகட்டியிருக்கிறதென்று கேட்டவுடனே அஞ்சிச் சோதனைக்கு உடன்படாது நாளைக் கடத்துவார் நம்முள்ளும் உளராதலின், கற்றறிந்ததை எடுத்துரைத்தல் கடனெனக் கருதினேம்.

இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவே, மூச்சுக்குழலை ஒட்டி, நிணநீர்க் கணுக்கள் பல உள்ளன. அவை வீங்குதற்குக் காசநோய் காரணமாகலாம், சார்காய்டோசிஸ் என்னும் நோய் காரணமாகலாம், புற்றுநோயுங் காரணமாகலாம். படத்தில் இவை ஒன்றுபோலவே தோன்றுதல் உண்டு. மருந்தோ வேறு வேறு. காசநோய் மிகுந்த நம் நாட்டில், வீக்கங் கண்டவுடன் அதுவேயென்று துணிந்து மருந்து தொடங்கின், உள்ளிருப்பது புற்றாயின், அருமையான மாதங்கள் வீணே கழியும். ஆகவே கணுவினின்று சிறிது எடுத்துப் பார்த்துத் தெளிதல் வேண்டும்.

முன்னாளில் இதற்குக் கழுத்தடியில் அறுத்து, நெஞ்சினுட் குழல் செலுத்துவர். சுவீடன் நாட்டுக் கார்லென்ஸ் என்பார் 1959-இல் அம்முறையை விளக்கி எழுதினார். இப்போது வாய்வழியே மூச்சுக்குழலுக்குள் வளையுங் குழலொன்றைச் செலுத்துகின்றனர். அதன் நுனியினின்று செவிக்கெட்டா ஒலியலைகள் எழுந்து, சுவருக்கு அப்பாலுள்ள கணுவையும், அருகோடும் இரத்தக் குழாய்களையும் திரையிற் காட்டும். அதனைப் பார்த்தவாறே மெல்லிய ஊசியைக் கணுவினுட் செலுத்துவர். ஜப்பானியச் சிபா பல்கலைக்கழகத்து யசுபுகு முதலியோர் 2004-இல் இதன் பயனை வெளியிட்டனர். இதனை ஈபஸ் என்று சுருக்கி வழங்குவர்.

ஊசி கணுவினுட் சென்றதென்று திரை காட்டும். வேண்டிய பொருள் ஊசியில் வந்ததா என்பதனைக் காட்டாது. ஏடு தேடி ஊரூராய்ச் செல்பவன், கொடுப்பவர் வீட்டுத் திண்ணையிலேயே முதலேடும் ஈற்றேடும் உளவாவென்று பிரித்துப் பார்த்துக் கொள்வான். ஊர் திரும்பியபின் குறை கண்டால் பயனென்ன? அத்திண்ணைச் சோதனை போன்றதே யாம் இன்று கூறப்புகுந்த முறை. ரோஸ் என்பது அதன் சுருக்கப் பெயர்.

உயிரணு ஆராய்ச்சி வல்லார் ஒருவர் அருகிலேயே இருப்பார். ஊசியில் வந்ததிற் சிறிது கண்ணாடித் தகட்டிற் பூசி, காற்றில் உலர்த்தி, விரைந்து பற்றுஞ் சாயந் தோய்த்துச் சில நிமிடங்களில் நுண்ணோக்கியிற் பார்ப்பார். நிணநீரணுக்கள் நிறைந்திருப்பின் ஊசி கணுவைத் தொட்டதென்பது தெளிவு. குருதியும் மூச்சுக்குழற் சுவரணுக்களுமே காணின், மறுமுறை குத்துதல் வேண்டும். காசநோய்க் குறி தோன்றின், ஒரு பகுதியைக் கிருமி வளர்ப்புக்கும் மரபணுச் சோதனைக்கும் அனுப்புவர். புற்றணு தோன்றின், எம்மருந்து பொருந்துமென்று அறிதற்கு இன்னுஞ் சிறிது எடுத்து வைப்பர். நோயுற்ற நுரையீரலுக்கு எதிர்ப்பக்கத்துக் கணுவிலேயே புற்றணு தெளிவாகக் காணின், அறுவைச் சிகிச்சை பெரும்பாலும் பொருந்தாதென அறிந்து, மேலும் பல கணுக்களைக் குத்தாது நிறுத்தவும் இடமுண்டு.

இம்முறை இல்லாவிடத்துச் சோதனையே பயனற்றதென்று கொள்ளற்க. நோயைக் கண்டறியும் அளவு இதனால் மிக உயர்வதில்லையென்றும், குத்துகளும் கூடுதற் சோதனைகளுங் குறைகின்றன என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்க மார்பு மருத்துவர் கல்லூரி 2016-இல் வெளியிட்ட நெறிமுறை, இஃது இருப்பினும் இல்லாவிடினும் சோதனை செய்யலாமென்றும், புற்றென ஐயுறுமிடத்து, இஃதில்லாவழி ஒவ்வோரிடத்தும் மும்முறையேனும் குத்துக என்றும் கூறுகின்றது.

இன்னொன்றும் உளங்கொள்ளத் தக்கது. அவ்விடத்திற் பார்ப்பது முடிந்த தீர்ப்பன்று. முழு அறிக்கைக்குச் சில நாளும், கிருமி வளர்ப்புக்குச் சில வாரமும் ஆகும். உறவினர் கதவோரம் நின்று, "என்ன தெரிந்தது?" என்று நெருக்குதலும், அரைச்சொற் கேட்டு வீட்டில் அழுகுரல் எழுப்புதலும் நோயாளியையே வாட்டும்.

ஆதலின் அன்பர்களே! சோதனைக்கு முன்னரே மருத்துவரை வணங்கி, "எடுத்ததை அங்கேயே பார்ப்பீர்களா? இல்லையேல் எத்தனை முறை எடுப்பீர்கள்? காசநோய்க்கும் புற்றுக்கும் இரண்டிற்கும் அனுப்புவீர்களா?" என மூன்று வினாக்களைக் கேளுங்கள். குருதியை இளக்கும் மருந்து உண்பவராயின் அதனையும் மறவாது கூறுங்கள். விடை வரும்வரை பொறுத்திருங்கள். தெளிந்தபின் உண்ணும் மருந்தே மருந்தாகும்.