நினைவைக் காத்தல்



தமிழ் பயிற்றுபவளுக்கு மருத்துவம் எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். திருவில்லிபுத்தூரில் என்னோடு வாழும் என் தாயார் தந்த தலைப்பு இது. இராசபாளையத்தில் வகுப்பு முடித்து மாலையில் வீடு சேர்ந்தால், "நீ யாரு வீட்டுப் பிள்ளைம்மா?" என்று கேட்பார். ஆயினும் திருப்பாவை முப்பதையும் அடி பிறழாமல் சொல்வார். இளமையில் ஓதிப் பதிந்தது நிற்கிறது. நேற்று நிகழ்ந்தது நிற்பதில்லை.

மறதிநோயில் மூளையின் நரம்பணுக்கள் மெல்ல மடிகின்றன. நரம்பணுக்களை வாழவைக்கும் புரதம் ஒன்றைக் கண்டறிந்தமைக்காக இத்தாலிய அம்மையார் ரீட்டா லெவி மொண்டால்சினி 1986-இல் நோபல் பரிசு பெற்றார். அப்புரதத்தைக் குருதியில் செலுத்தினால் மூளைக்குள் போதிய அளவு புகுவதில்லை. எனவே அதனை ஆக்கும் மரபணுவையே மூளையில் சேர்க்க முயன்றனர். 2001-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் மார்க் துசின்ஸ்கி குழுவினர், நோயரின் தோலணுக்களில் அம்மரபணுவைப் புகுத்தி மூளையில் வைத்தனர். பின்னர், தீங்கு செய்யாத வைரஸைத் தூதாக்கி 49 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. பயன் காணவில்லை. இறந்தோர் மூளையை ஆய்ந்தபோது, மருந்து உரிய அணுக்களைச் சேரவில்லை என்று தெரிந்தது. தூது புறப்பட்டது, வாயில் தவறிவிட்டது. எம்.ஆர்.ஐ. படத்தில் வழியைப் பார்த்தபடியே வேறொரு புரதத்தின் மரபணுவைச் செலுத்தும் முதற்கட்ட ஆய்வை அவர்கள் 2021-இல் அறிவித்தனர்.

தமிழகத்திலும் மரபணு மருத்துவம் கால்கொண்டுவிட்டது. குருதி உறையாமை நோயர் ஐவர்க்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் அளித்த மருத்துவம் பலித்ததை 2024-இல் உலகம் அறிந்தது. மூளையோ அதனினும் அரிய கோட்டை.

அக்கோட்டையும் ஒருநாள் திறக்கலாம். ஆனால் இம்மருத்துவம் உயிரோடுள்ள அணுக்களைக் காப்பதற்கே முயல்கிறது. மடிந்த அணுவும், அதனோடு போன பாட்டும் மீள்வது அரிது.

முனைவர் பட்டத்திற்காக ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்தவள் நான். என்னை உறங்கவைத்த தாலாட்டை எழுதிவைக்கத் தோன்றவில்லை. சென்ற தை மாதம் ஏட்டோடு அமர்ந்தேன். இரண்டு கண்ணி பாடினார். மூன்றாவதைக் கேட்டபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் இன்றும் வெறுமையாக இருக்கிறது.

பத்தாண்டு கண்ட நம் வட்டத்திடம் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த விழாவிற்குள் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவரின் ஒரு பாட்டையேனும் எழுதிக் கொணர்வோம். மருத்துவர் தம் பணியைச் செய்யட்டும். நம் பணிக்கு ஓர் ஏடும் எழுதுகோலும் போதும்.