சீருடை மாறிய பிறகு



படைவீரர்களின் மன அழுத்தத்தைப் பற்றிய கருத்தரங்கை டெல்லியிலோ புனேயிலோ நடத்தாமல் ஸ்ரீபெரும்புதூரில் ஏன் நடத்துகிறீர்கள் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். இருங்காட்டுக்கோட்டையில் தொடங்கி ஒரகடம் வரை எந்தத் தொழிற்சாலை கேட்டில் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திப் பாருங்கள். கார் செய்யும் இடமானாலும் டயர் செய்யும் இடமானாலும் முதலில் எதிர்ப்படுபவர் செக்யூரிட்டிதான். அவர்களில் பலர் பென்ஷனில் வந்த மிலிட்டரிக்காரர்கள். நிற்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். இந்த வட்டாரத்தின் கதவுகளையெல்லாம் காப்பவர்கள் ஒரு காலத்தில் நாட்டின் எல்லையைக் காத்தவர்கள்.

இன்று நான் வலியுறுத்த வந்திருப்பது ஒன்றுதான். பணியில் இருக்கும் வீரரின் மனத்தைப் பற்றி ஓரளவுக்காவது பேசுகிறோம். பணி முடிந்து வந்தவரை மறந்துவிடுகிறோம்.

பணியில் இருப்பவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. முப்படைகளிலும் ஐந்து ஆண்டுகளில் 819 பேர் தற்கொலை செய்துகொண்டதாக 2022இல் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. இவர்களில் 642 பேர் தரைப்படையினர். துணை ராணுவப் படைகளில் 2018 முதல் 2022 வரை 654 பேர் இப்படி இறந்தார்கள், சி.ஆர்.பி.எஃப். மட்டும் 230 பேரை இழந்தது. இவை உயிர் போன பிறகு எடுத்த கணக்குகள். அதற்கு முன்னால் தூக்கமில்லாமல் கழிந்த இரவுகளும், கூடிக்கொண்டே போன குடியும், காரணமில்லாமல் மனைவி மக்கள் மேல் பாய்ந்த கோபமும் எந்த அறிக்கையிலும் ஏறவில்லை.

வீரரின் மனத்தை உடைப்பது எதிரியின் குண்டு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். ஊரிலிருந்து வரும் போன் அழைப்பும் உடைக்கிறது. இந்த வட்டாரத்தில் இது இன்னும் கூர்மையானது. சிப்காட் வந்து நில மதிப்பு ஏறிய ஊர்களில் அண்ணன் தம்பிக்குள் பாகத்தகராறு வருகிறது. பட்டா யார் பெயரில் மாறுகிறது என்று தாலுகா அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பார்க்க முடியாதவர் காஷ்மீரத்தில் காவல் நிற்கும் தம்பிதான். கையில் துப்பாக்கி இருந்தும் தன் வீட்டு வரப்பைக் காக்க வழியில்லை என்ற தவிப்போடு அவர் அடுத்த லீவுக்கு நாள் எண்ணுகிறார்.

இதை அவர் யாரிடம் சொல்வார்? ராணுவத்தில் மருத்துவத் தகுதியை 'ஷேப்' என்று ஐந்து எழுத்துகளால் குறிக்கிறார்கள். அதன் முதல் எழுத்து மனநிலையைக் குறிப்பது. செவி, கை கால், உடல் திறன், பார்வை எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. ஏட்டில் மனத்துக்கு முதலிடம் உண்டு. ஆனால் தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் சொன்னால் கேட்டகரி இறங்கிவிடும், ஆயுதத்தை வாங்கி வைத்துவிடுவார்கள், புரமோஷன் நின்றுவிடும் என்ற அச்சம் வீரரின் வாயை அடைக்கிறது. வாயை அடைத்தபடி பணி முடிக்கிறவர் அந்தப் பழக்கத்தோடுதான் ஊர் திரும்புகிறார்.

படைவீரர் மனநலத் துறையின் வரலாற்றில் நம் நீலகிரிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை இளம் ஆய்வாளர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1901-02இல் நீலகிரியில் தோடர்களிடையே கள ஆய்வு செய்து, 1906இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். 1915இல் சார்லஸ் மையர்ஸ் போரில் மனம் உடைவதற்கு 'ஷெல் ஷாக்' என்ற பெயரை மருத்துவ உலகுக்குக் கொண்டுவந்தாரே, அவர் ரிவர்ஸின் பழைய தோழர். முதல் உலகப் போரின்போது எடின்பரோவுக்கு அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் மனம் உடைந்து வந்த அதிகாரிகளுக்கு ரிவர்ஸ் சிகிச்சை அளித்தார். நடந்ததை மறந்துவிடு, நினைக்காதே என்று எல்லோரும் அவர்களுக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அப்படி அமுக்கி வைப்பதே நோயை வளர்க்கிறது என்று அவர் 1917இல் ஓர் உரையில் வாதிட்டார். நீலகிரியில் அந்நியர்களின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டுப் பழகிய காது அவரை அந்த முடிவுக்கு இட்டுச் சென்றிருக்கலாம் என்பது என் எண்ணம். நம் முல்லைப்பாட்டிலும் பாசறையில் ஓர் அரசன் புண்பட்ட யானைகளையும் மாண்ட மறவர்களையும் நினைத்துத் தூங்காமல் கிடக்கிறான். போர் முடிந்தாலும் இரவு முடியாது என்பதைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே கண்டிருக்கிறது.

இந்த ஊரில் நின்றுகொண்டு, இலங்கைக்குச் சென்ற இந்திய அமைதிப் படையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1987 ஜூலையில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1990 மார்ச்சில் படை திரும்பியது. இடையில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். யாழ்ப்பாணத்து மக்கள் பட்ட துயரம் பெரிது. அதை மறுத்தோ குறைத்தோ பேச எனக்கு உரிமையில்லை. அந்த மக்களின் மனவடுக்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகள் உடனிருந்து ஆராய்ந்து எழுதினார். ஆனால் அந்தப் படையில் தமிழர்களும் இருந்தார்கள். தன் மொழி பேசும் மக்களின் தெருக்களில் துப்பாக்கியோடு நடந்தவர் திரும்பி வந்தபோது சென்னைத் துறைமுகத்துக்கு வரவேற்கச் செல்ல மாநில முதல்வர் மறுத்தார். அதற்கு அரசியல் நியாயம் இருந்திருக்கலாம். ஊருக்கு வந்த அந்த வீரரோ, செய்ததையும் சொல்ல முடியாமல், கண்டதையும் சொல்ல முடியாமல் போனார். அடுத்த ஆண்டு, 1991 மே 21 அன்று, அந்தப் போர் ராஜீவ் காந்தி படுகொலையாக இதே ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து சேர்ந்தது. நாம் அரசியலைப் பற்றி நூல் நூலாக எழுதினோம். அந்தத் தமிழ் வீரரைத் தேடிப் போய் உட்கார்ந்து கேட்க நம் பல்கலைக்கழகங்களுக்குத் தோன்றவில்லை. இது நம் ஆய்வுலகின் பெருங்குறை.

அவருடைய தம்பிகளும் மகன்களும்தான் இன்று ஒரகடத்து கேட்டுகளில் நிற்கிறார்கள். ஆண்டுதோறும் சுமார் 60,000 பேர் படையிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். பெரும்பாலோர் நாற்பதை ஒட்டிய வயதினர். ஓய்வுக்குரிய வயதல்ல அது. பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனை நடத்திய ஹவில்தார் இங்கே டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கிறார். தன் மகன் வயதுள்ள அதிகாரியிடம் ஏச்சு வாங்குகிறார். பல இடங்களில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், அதுவும் இரவில். கண் மூடினால் பழையது வருமே என்று அஞ்சுகிறவருக்கு இரவு வேலை ஒருவகையில் வசதிதான். அதனால்தான் அவருடைய நோய் யாருக்கும் தெரிவதில்லை.

வீட்டு நிலைமை இன்னும் கடினம். இத்தனை ஆண்டுகள் லீவில் மட்டும் வந்துபோன அப்பா இனி இங்கேயேதான் இருக்கப்போகிறார். ரேஷன் கடை, பள்ளிக் கட்டணம், மாமியார் மருத்துவம் எல்லாவற்றையும் தனியாளாய் நடத்திய மனைவிக்கு ஆணையிட ஒருவர் தேவைப்படவில்லை. பிள்ளைகள் அவரை மரியாதையோடு ஒதுக்குகிறார்கள். மருத்துவராக நான் கண்டவரை, படையிலிருந்து வந்தவர்களின் மனச்சோர்வு முதலில் வெளிப்படும் இடம் இந்த வீடுதான். எங்களிடம் அவரை அழைத்து வருபவரும் பெரும்பாலும் மனைவிதான்.

முன்னாள் படைவீரருக்கு 2003 முதல் இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருக்கிறது. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆலையில் இ.எஸ்.ஐ.யும் உண்டு. பையில் இரண்டு அட்டை. நீங்கள் தூங்குகிறீர்களா என்று கேட்க ஒருவரில்லை. ஆலை மருத்துவ அறையில் ரத்த அழுத்தமும் பார்வையும் பார்க்கிறார்கள். இன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தக் கேள்வியைக் கேட்பது முடியாத காரியமல்ல.

அக்னிபத் திட்டம் 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுப் பணி; நால்வரில் ஒருவருக்கு மேல் நிரந்தரமாக வைத்துக்கொள்வதில்லை. தரைப்படையின் முதல் அணி 2023 ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கியது. நான்காண்டு முடிந்து வெளியேறும் இளைஞர்களுக்கு ஒரு தொகை கிடைக்கும். ஓய்வூதியம் இல்லை, அறிவிக்கப்பட்ட விதிகளின்படி முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை, இ.சி.எச்.எஸ். அட்டையும் இல்லை. இருபத்தைந்து வயதில், கண்டதையெல்லாம் மனத்தில் சுமந்துகொண்டு, வேலை தேடி அவர்கள் வரப்போவது இதுபோன்ற தொழிற்பகுதிகளுக்குத்தான். நமக்கு இருக்கும் அவகாசம் குறைவு.

ஆகவே ஆய்வாளர்களே, உங்கள் வினாப்பட்டியலை ராணுவ முகாமோடு நிறுத்தாதீர்கள். கேட்டுக்கும் கொண்டு வாருங்கள். காவலர் சொல்வது முதலாளியின் காதுக்கோ ஏஜென்சியின் காதுக்கோ போகாது என்ற உறுதியை முதலில் கொடுங்கள். அது இல்லாத ஆய்வு எனக்கு வேண்டாம். மனைவியையும் தனியே கேளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் கல்வி உதவித் தொகைக்கு விண்ணப்பம் வாங்குவதைப் போலவே மனநலத்துக்கும் ஒரு மேசை போடட்டும்.

ஆலை நிர்வாகிகள் சிலரும் இங்கே வந்திருக்கிறீர்கள். 14416 என்பது அரசின் டெலி மானஸ் எண்; கட்டணமில்லை, தமிழில் பேசலாம். உங்கள் காவலர் அறைச் சுவரில் தீயணைப்பு நிலைய எண்ணுக்குப் பக்கத்தில் அதையும் இந்த வாரமே எழுதி வையுங்கள். இரவு ஷிஃப்ட்டை ஒருவருக்கே தொடர்ந்து போடாதீர்கள். இந்த இரண்டையும் செய்ய உங்களுக்கு எந்த ஆய்வு முடிவும் தேவையில்லை.